கம்ப்யூட்டர் கேள்வி–பதில்: கிராஃபிக்ஸ் கார்டில் 8 ஜிபி போதுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 1080பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு விதமாக வருகிறது. சிப் ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான் என்கிறார்கள். அப்படியானால் 16 ஜிபிக்குக் கூடுதல் பணம் எதற்கு?

பதில்: அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. இரண்டிலும் அதே சிப், அதே 4,608 கூடா கோர் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), அதே 128 பிட் மெமரி பாதை. கேம் கேட்கும் மெமரி 8 ஜிபிக்குள் அடங்கும்வரை இரண்டு கார்டும் நொடிக்கு ஏறக்குறைய ஒரே ஃப்ரேம் (படம்) எண்ணிக்கையைத்தான் காட்டும். அதைத் தாண்டினால்தான் சிக்கல். இடமில்லாத டெக்ஸ்சர்கள் (கேமில் பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) கம்ப்யூட்டரின் ரேமுக்குப் போய்விடும். தேவைப்படும்போதெல்லாம், கார்டு செருகியிருக்கும் மதர்போர்டு ஸ்லாட் வழியாக இழுத்துவர வேண்டும். கார்டின் சொந்த மெமரி நொடிக்கு 448 ஜிபி தரும். ஸ்லாட் வழியே, பிசிஐஇ 4.0 (ஸ்லாட்டின் வேகத் தலைமுறை) போர்டில், இந்தக் கார்டுக்குக் கிடைப்பது சுமார் 16 ஜிபிதான். அதனால்தான் சராசரி 70 ஃப்ரேம் என்று காட்டும்போதே, கேமராவைச் சட்டென்று திருப்பினால் படம் அரை நொடி திக்கி நிற்கிறது. சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒப்பீடுகளில் ‘1 சதவீத லோ’ (மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் வேகம்) என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று உண்டு, இது எந்த எண்ணிலும் தெரியாது. சில கேம்கள் திக்காது. மெமரி போதாதபோது சத்தமில்லாமல் மட்டமான டெக்ஸ்சரை ஏற்றிவிடும். செட்டிங்கில் ‘அல்ட்ரா’ என்றே இருக்கும். ஆனால் சுவருக்கு முன்னால் போய் நின்றாலும் செங்கல் கடைசிவரை கலங்கலாகவே தெரியும்.

டெக்ஸ்சர் தரத்தைக் கூட்டினால் சிப்புக்குப் பெரிதாக வேலை கூடாது, மெமரிதான் நிறையும். எனவே 16 ஜிபி இருந்தால் டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்தாலும் வேகம் பெரிதாகக் குறையாது. ரே டிரேசிங்கும் (ஒளியின் போக்கைக் கணக்கிட்டு வரைவது) ஃப்ரேம் ஜெனரேஷனும் (இடையிடையே செயற்கை ஃப்ரேம்களைச் சேர்ப்பது) தங்கள் பங்குக்கு மெமரி கேட்பவை. 8 ஜிபி கார்டில் வேகத்துக்காக ஃப்ரேம் ஜெனரேஷனைப் போட்டு, அதனாலேயே மெமரி நிறைந்து திக்குவதும் நடக்கும்.

வாலரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் 2 போன்றவை மட்டும் என்றால் 8 ஜிபி தாராளம். புதிதாக வரும் பெரிய கேம்களையும் ஆட வேண்டும், கார்டும் சில வருஷம் தாங்க வேண்டும் என்றால் 16 எடுங்கள். நாளைக்கு 1440பி மானிட்டருக்கு மாறும் எண்ணம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 1080பி-யில் ஒரு ஃப்ரேமுக்கு 20.7 லட்சம் புள்ளி, 1440பி-யில் 36.9 லட்சம். ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யும் இதேபோல் 8, 16 என இரண்டாக வருகிறது. பெட்டியில் பெயர் பெரிதாகவும் மெமரி அளவு சின்னதாகவும் அச்சாகியிருக்கும், பார்த்து வாங்குங்கள். பழைய ஆர்டிஎக்ஸ் 3060-இல் நடந்தது இதைவிட மோசம்: 12 ஜிபி கார்டுக்கு 192 பிட் பாதை, அதே பெயரில் பிறகு வந்த 8 ஜிபி கார்டுக்கு 128 பிட்தான். அங்கே வேகமும் குறைந்தது, பெயர் மட்டும் மாறவில்லை.

கேள்வி: ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம். இதில் புதிய கார்டு போட்டால் வீண்தானா?

பதில்: வீண் இல்லை, ஆனால் எந்தக் கார்டு என்பது முக்கியம். பி450 பிசிஐஇ 3.0 போர்டு. ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ, ஆர்எக்ஸ் 7600 எல்லாமே எட்டு லேன் (தரவுப் பாதை) கார்டுகள்; உங்கள் போர்டில் அவற்றுக்கு நொடிக்குச் சுமார் 8 ஜிபி வழிதான் கிடைக்கும். மேலே சொன்ன மெமரிப் பற்றாக்குறையும் சேர்ந்தால் இரட்டை அடி. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பதினாறு லேன் கார்டு என்பதால் உங்களுக்கு 16 ஜிபி வகையில் அதுவே பொருந்தும். இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி மெமரியோடு ஆசை காட்டும். ஆனால் அதன் டிரைவர் பிராசஸருக்கு அதிகச் சுமை கொடுக்கிறது, ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுகும் வசதி) இல்லாமல் வேகம் பாதாளத்துக்குப் போகிறது. பழைய பிராசஸருக்கு அது வேண்டாம்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. வி-சிங்க்கையும் (ஃப்ரேமை மானிட்டர் வேகத்தோடு கட்டுவது) ஃப்ரேம் லிமிட்டையும் அணைத்துவிட்டு, வழக்கமாக ஆடும் கேமை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் நன்றாக ஏறினால் இதுவரை இழுத்துப் பிடித்தது கார்டு. அசையவே இல்லை என்றால் பிராசஸர்தான் தடை. அப்போது கார்டு மாற்றினாலும் அதே எண்தான் வரும். பிராசஸர் 40 சதவீதம்தானே ஓடுகிறது என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு கோர் முட்டி நின்றால்கூட மொத்தக் கணக்கில் அது தெரியாது. அப்படியானால் போர்டை மாற்றாமல், அதன் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்து ரைசன் 5 5600 போடலாம். ரேம் ஒரே குச்சியாக இருந்தால் முதலில் இரண்டாக்குங்கள்.

கேள்வி: 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போதுமா?

பதில்: வாட் எண்ணைவிட லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்கே 25 ஆம்பியர் என்றிருந்தால் 25 × 12 = 300 வாட்; உங்கள் ‘450’ அவ்வளவுதான். கார்டு கேட்பது: ஆர்டிஎக்ஸ் 5060-க்கு 145 வாட், 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு 160, 5060 டிஐ-க்கு 180. பிராசஸருக்கு 90, மற்றவற்றுக்கு 50 சேர்த்தால் 320-ஐத் தொடுகிறது. கண நேரத்துக்கு கார்டு இதைவிட அதிகமாகவும் இழுக்கும். 12 வோல்ட்டில் 400 வாட்டுக்கு மேல் தரும் நல்ல 450 தாங்கும். புதிதாக வாங்குவதானால் 550 அல்லது 600 எடுங்கள். எஸ்எம்பிஎஸ் திணறினால் பெரும்பாலும் நீலத்திரை வராது. கேம் நடுவே திரை கறுத்துச் சட்டென்று ரீஸ்டார்ட் ஆகும்.

கார்டுக்குப் போகும் 8 பின் கேபிள் 6+2 ஆகப் பிரியும். பிராசஸருக்குப் போவது 4+4. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே மின்சாரம் போகும் பின்கள் தலைகீழ். நுழையவில்லையென்றால் அழுத்தாதீர்கள். பழைய மோலெக்ஸ் கேபிளை 8 பின்னாக மாற்றும் இணைப்பான்கள் வேண்டவே வேண்டாம், உருகிவிடலாம்.

கேள்வி: ஃப்ரேம் ஜெனரேஷனில் 200 ஃப்ரேம் என்கிறார்களே?

பதில்: கண்ணுக்கு 200, கைக்கு அல்ல. மவுஸின் பதில் வேகம் அசல் ஃப்ரேமைப் பொறுத்தது. அசல் 60-ஐத் தொட்டால் போடுங்கள், 30-இல் போட்டால் பிசுபிசுப்புதான். அப்ஸ்கேலிங் (சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது) வேறு விஷயம், அது உண்மையிலேயே உதவும். ஆனால் ‘குவாலிட்டி’ நிலையில் 1440பி திரைக்கு உள்ளே 960பி வரைகிறது, 1080பி திரைக்கு 720பி. 1080பி திரைக்காரருக்கு இதில் லாபம் குறைவு.

கேள்வி: புதுக் கார்டு மாட்டியும் வேகம் கூடவில்லை. கார்டில் குறையா?

பதில்: முதலில் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டு போர்ட்டிலேயே இருக்கிறதா? அடிக்கடி நடப்பது இதுதான். அடுத்து விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் ரிஃப்ரெஷ் ரேட் 60-இல் கிடக்கிறதா என்று பாருங்கள், அது பெரும்பாலும் தானாக ஏறாது. வேறு நிறுவனக் கார்டிலிருந்து மாறியிருந்தால் சேஃப் மோடில் டிடியூ என்ற டிரைவர் நீக்கும் கருவி கொண்டு பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள்.

அதன்பிறகு, கார்டின் விவரம் காட்டும் ஜிபியூ-இசட் கருவியைத் திறந்து ‘பஸ் இன்டர்ஃபேஸ்’ வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டினால் பதற வேண்டாம், அது மின்சிக்கனம். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓடவிட்டால் உண்மையான வேகம் வரும். அப்போதும் x4 (நான்கு லேன்) என்றிருந்தால் கார்டு கீழ் ஸ்லாட்டில் இருக்கலாம். பிராசஸருக்கு அருகிலுள்ள மேல் ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். அதே திரையில் ரீசைசபிள் பார் அணைந்திருப்பதாகக் காட்டினால் பயாஸில் ‘அபவ் 4ஜி டீகோடிங்’கை இயக்கி, சிஎஸ்எம்மை (பழைய முறையில் கம்ப்யூட்டரைக் கிளப்பும் வசதி) அணையுங்கள். விண்டோஸ் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால் சிஎஸ்எம் அணைத்ததும் விண்டோஸ் கிளம்பாது. முதலில் அதைப் புதிய முறையான ஜிபிடி-க்கு மாற்றிக்கொண்டு பயாஸில் கை வையுங்கள்.