செருப்புக்குக் காவல்

கேள்வி: மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் ஆறாம் வகுப்பு. வரலாறு புத்தகத்தோடு நின்றுவிடக் கூடாது என்று லீவு கிடைக்கும்போதெல்லாம் கோட்டை, அரண்மனை என்று கூட்டிப் போகிறோம். இந்த முறை நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர்கள், மறுநாள் வேன் பிடித்து சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, உதயகிரிக் கோட்டை, திற்பரப்பு அருவி எல்லாம் பார்த்துவிட்டுச் சாயங்காலம் கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தோம். அரண்மனையில் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார்கள். மகன் எல்லா அறையிலும் செல்போனைத்தான் பார்த்தான். எங்களோடு இருக்கும் மாமியாருக்கு 74 வயது, முழங்கால் வலி. அவர் தக்கலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்தான், நிறைய தடவை பார்த்திருப்பார் என்று செருப்பையும் பைகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி வாசலில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் உள்ளே போனோம். இவ்வளவு செலவு செய்தும் பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை. என்ன செய்வது? அடுத்து எங்கே கூட்டிப் போகலாம்?
– வாசகி, தாம்பரம்

பதில்: பிள்ளைகள் விஷயத்தை அப்புறம் பார்ப்போம். அரண்மனை பிடிக்காத பிள்ளைகளைப் பற்றி எனக்கு வருகிற கடிதங்கள் கொஞ்சநஞ்சமல்ல, எல்லாவற்றிலும் இதே செல்போன், இதே முகம். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போன ஒரு வரி. 74 வயது மனுஷியைச் செருப்புக்கும் பைக்கும் காவல் வைத்துவிட்டு நான்கு பேரும் உள்ளே போயிருக்கிறீர்கள்.

அந்த அரண்மனையை ஓடாமல் பார்த்தால் இரண்டு மணி நேரமாவது ஆகும். அவ்வளவு நேரமும் அவர் எதன் மேல் உட்கார்ந்திருந்தார்? நிழல் இருந்ததா? தண்ணீர் பாட்டில் அவர் கையில் இருந்ததா, இல்லை உங்களோடு உள்ளே போய்விட்டதா? பாத்ரூம் போக வேண்டும் என்று தோன்றியிருந்தால் அத்தனை பைகளையும் யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருப்பார்? மகன் எந்த அறையில் செல்போன் பார்த்தான் என்பதுவரை எழுதத் தெரிந்த உங்களுக்கு, இதில் ஒன்றுகூட எழுதத் தோன்றவில்லை.

நிறைய தடவை பார்த்திருப்பாராம். அவரிடம் கேட்டீர்களா? உள்ளூரில் இருக்கிற இடத்தை உள்ளூர்க்காரர்கள், அதிலும் வீட்டு வேலையே தலைக்கு மேல் கிடந்த பெண்கள், ஒரு தடவைகூட நிதானமாகப் பார்க்காமல் இருப்பது சர்வ சாதாரணம். பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனதோடு சரி, அப்புறம் கல்யாணம், வேறு ஊர், பிள்ளைகள் என்று ஐம்பது வருஷம் ஓடியிருக்கலாம். சரி, நூறு தடவை பார்த்திருக்கட்டும். பேரன் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லையே. அதற்காகத்தானே அந்த வலியோடும் வேனில் ஏறி உட்கார்ந்தார்?

நீங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனது யாரை என்று தெரிய வேண்டும். உங்கள் மாமியார் பிறந்தபோது தக்கலை தமிழ்நாட்டில் இல்லை. திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தக்கலை இருக்கிற கல்குளம், விளவங்கோடு உட்பட நான்கு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாக இங்கே வந்தன. அரண்மனை மட்டும் கேரளத்திடமே இருந்துவிட்டது, இன்றைக்கும் அந்த மாநிலத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. தமிழ்நாட்டுக்குள் இருக்கிற ஓர் இடத்துக்குக் கேரள அரசு ஏன் டிக்கெட் கொடுக்கிறது என்று உங்கள் மகனுக்குக் கேட்கத் தோன்றியிருந்தால், அதற்குத் தன் வீட்டுக் கதையாகவே பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நவராத்திரி வருகிறது என்றால் அந்த ஊரே ரோட்டில் நிற்கும். அரண்மனைக் கோயிலான தேவாரக்கட்டின் சரஸ்வதி யானை மேல், வேளிமலை முருகன் குமாரசுவாமியும் சுசீந்திரம் அம்மன் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில், குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் வரைக்கும் ஊர்வலமாகப் போவார்கள். புறப்படும்போது அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் வைத்துத் திருவிதாங்கூர் ராஜாவின் உடைவாள் கைமாறும். திருவிதாங்கூரின் தலைநகரம் 1795இல் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிப்போன பிறகும், நடுவில் மாநில எல்லையே குறுக்கே வந்த பிறகும் அந்த நடை நிற்கவில்லை. தக்கலைப் பக்கம் வளர்ந்த ஒரு பெண் அதைப் பார்க்காமல் வளர்ந்திருக்க முடியாது. யார் தோளில் உட்கார்ந்து பார்த்தார், யானை கிட்டே வந்தபோது அழுதாரா, இதெல்லாம் எந்த அறிவிப்புப் பலகையிலும் இல்லை.

உள்ளே பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தால் மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கும், குதிரை விளக்கு தொங்கும், எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும். கறுப்புத் தரையில் குனிந்தால் முகம் தெரியும். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்த தரை என்று சொல்வார்கள். ஊட்டுப்புரை என்கிற சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு தளத்துக்கு ஆயிரம் பேர் வீதம் இரண்டு தளத்திலும் பந்தி நடந்திருக்கிறது, ஊறுகாய்ப் பரணிகள் ஒவ்வொன்றும் உங்கள் மகளை உள்ளே நிற்க வைக்கலாம் போல இருக்கும். இதையெல்லாம் அங்கே நிற்கிற ஊழியர்களே அழகாகச் சொல்வார்கள். ஆனால் சிரட்டைக் கரி என்றால் என்ன, பரணியின் வாயில் துணி கட்டி எப்படி மூடுவார்கள், ஈரக் கரண்டி பட்டால் என்ன ஆகும் என்று காட்ட அங்கே வளர்ந்த ஒரு பாட்டி வேண்டும். சென்னை ஃபிளாட்டில் வளர்கிற பிள்ளைக்கு அந்தப் பரணி கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற இன்னொரு பொருள், அவ்வளவுதான். 'எங்க வீட்டிலயும் ஒண்ணு இருந்துச்சு, இவ்வளவு உசரம்' என்று பாட்டி கையைக் காட்டினால் அது அவர்கள் குடும்பத்துப் பொருள் ஆகிவிடும்.

நான் உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. உங்கள் கணவர் எங்கே போனார்? பெற்றவரை வாசலில் உட்காரச் சொன்னபோது, 'நான் அம்மாவோடு இருக்கிறேன், நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு நான் போகிறேன்' என்று அந்த மனிதருக்கு ஒரு வார்த்தை வரவில்லையா? மாமியாரைக் கவனிப்பதை மருமகள் தலையில் கட்டிவிட்டு மகன் ஒதுங்கிக்கொள்வதை இந்தப் பக்கத்தில் பலமுறை கண்டித்திருக்கிறேன், இப்போதும் கண்டிக்கிறேன். தாயைத் தாங்குவது முதலில் மகனுடைய கடமை. இந்தக் கடிதத்தை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.

முழங்கால் வலி பொய்யில்லை, தெரியும். மாடியில் ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்கு ஏறுகிற மரப்படி செங்குத்து, ஆரோக்கியமானவர்களே கைப்பிடியை இறுக்கிப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அந்த மாடிகள் அவருக்கு வேண்டாம். ஆனால் மாடி ஏற முடியாதவருக்கு முற்றமும் கூடாது, பூமுகமும் கூடாது, நவராத்திரி மண்டபத்தின் கல்தூண்களும் கூடாது என்று யார் முடிவு செய்தது? வாசலிலேயே ஊழியர்களிடம், 'அம்மாவால் படி ஏற முடியாது, தரைத்தளத்தில் எதெது பார்க்கலாம்' என்று கேட்டால் சொல்வார்கள். பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள், ஒருவர் பிள்ளைகளோடு மாடிக்கு, ஒருவர் அவரோடு கீழே, அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள். செருப்பு தொலைந்தால் வேறு செருப்பு வாங்கிக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டுமே, அதுதான் உங்களிடம் இல்லை. ஒரே நாளில் ஐந்து இடம்! சூரியன் மறைவதற்குள் கன்னியாகுமரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற ஓட்டத்தில் வயதானவர் சுமையாகிவிடுகிறார், பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு இடமும் ஏறி இறங்குகிற ஸ்டாப்பாகத்தான் தெரியும். உதயகிரிக் கோட்டையில் டி லனாய் கல்லறையின் முன்னால் எத்தனை நிமிஷம் நின்றீர்கள்? 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரர், அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்துத் தளபதியாகி, 1777இல் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறார், கல்லில் லத்தீனும் இருக்கிறது தமிழும் இருக்கிறது. எதிரிநாட்டுச் சிப்பாய் எப்படித் தளபதி ஆனார் என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒரு மணி நேரம் கேள்வி கேட்பான், கேட்க விட்டால். அங்கேயாவது உங்கள் மாமியாரை வேனிலிருந்து இறக்கினீர்களா?

பிள்ளைகள் அன்றைக்கு ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று நினைக்காதீர்கள். வீட்டில் வயதானவர் எதற்கு இருக்கிறார் என்பதை நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். பழைய வீட்டுத் தூணைப் பார்க்க டிக்கெட் எடுக்கிற அப்பா அம்மா, அந்தப் பழைய காலத்திலிருந்தே வந்த பாட்டியைத் திண்ணையில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்றால், அந்தத் தூணை அவர்கள் ஏன் மதிக்க வேண்டும்? எனக்கு இதில்தான் கோபம்.

அடுத்து எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரை திருமலை நாயக்கர் மஹால் இருக்கிறது, வேலூர் கோட்டை இருக்கிறது, இரண்டிலும் பெரும்பகுதி சமதளம், நிதானமாக நடக்கிறவர்களுக்குத் தோதானவை. செஞ்சி ராஜகிரி மலைக்கோட்டை, ஏற வேண்டும், இப்போதைக்கு வேண்டாம். ஆனால் என்னைக் கேட்டால் மறுபடியும் பத்மநாபபுரம்தான், அந்த ஒரே இடம், அவரோடு. திங்கட்கிழமை மூடியிருக்கும், மற்ற நாளில் காலை 9 மணிக்குத் திறந்ததும் போய்விடுங்கள், வெயிலும் கூட்டமும் குறைவு. மதியம் அவர் வளர்ந்த தெரு எது என்று கேட்டு அங்கே வண்டியை விடச் சொல்லுங்கள். வீடு இருக்கிறதோ இல்லையோ, யாராவது ஒருவருக்கு அவரை அடையாளம் தெரியும். முடிந்தால் நவராத்திரி தொடங்குவதற்கு முந்தைய நாட்களில், சாமி புறப்படுகிற அன்றைக்கே போய் ரோட்டோரம் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வையுங்கள்.

அதற்கு முன்னால் இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்கார வைத்து, அன்றைக்கு வாசலில் விட்டுவிட்டுப் போனது தப்பு என்று நீங்களும் உங்கள் கணவரும் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிள்ளைகள் காதில் விழும்படி. பிறகு அரண்மனைக்குள் அவர் கடைசியாக எப்போது போனார் என்று கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். பிள்ளைகளின் ஆர்வத்தைப் பற்றிய சந்தேகம் அப்போதும் மிச்சம் இருந்தால் அதையும் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.