பண்புகளையே பாயிண்ட்டாகச் செலவழிக்கும் ரோல்பிளேயிங் ஆட்டங்களில், முயற்சி செய்யச் செய்ய என் கதாபாத்திரம் பலவீனமாவது அபத்தம் இல்லையா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் முதல் ஆட்டத்தை இப்போதுதான் முடித்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அநேகமாக நியூமெனரா, இல்லையென்றால் அதே விதிமுறைத் தொகுப்பான சைஃபர் சிஸ்டத்தில் வேறு ஏதாவது. மைட் பூலில், அதாவது உடல் வலிமைக்கான பாயிண்ட் கையிருப்பில், நாலு பாயிண்ட் மிஞ்சியதும் 'என் ஆள் சோர்ந்து போய்விட்டானே' என்று வயிற்றெரிச்சலாக இருந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த எரிச்சலில் நண்பனின் கதாபாத்திரத்தைப் பறிகொடுத்தவன் நான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சைஃபரில் உங்கள் மைட் 14 இருந்தாலும் 3 இருந்தாலும் உருட்டுவது அதே இருபது முகப் பகடைதான். பாயிண்ட் குறைந்ததற்காகப் பகடையில் எதுவும் கழியாது. பூஜ்ஜியத்தைத் தொட்டால்தான் வம்பு: மைட், ஸ்பீட் (வேகம்), இன்டலெக்ட் (அறிவு) என்ற மூன்று பூல்களில் ஒன்று காலியானால் தடுமாறுவான், இரண்டு காலியானால் ஏறக்குறைய முடங்கிவிடுவான், மூன்றும் காலியானால் செத்தான். அதுவரை அவனுக்கு மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

இனி என் கதை. என்னுடையவன் கிளேவ், அதாவது சண்டைக்காரன். மைட் 14, மைட் எட்ஜ் 1 (எட்ஜ் என்றால் மைட் செலவில் கிடைக்கும் தள்ளுபடி). அன்று ஒரு கோபுர உச்சியில் கயிறு அறுந்து, நண்பனின் நானோ, அதாவது மந்திரக்காரி போன்ற கதாபாத்திரம், விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள். பக்கத்தில் இருந்தது நான் மட்டும்தான். கடினம் 5 என்றார் ஆட்டத்தை நடத்தும் மாஸ்டர். மூன்றால் பெருக்கினால் 15, பகடையில் அவ்வளவாவது விழ வேண்டும். ஒரு படி எஃபர்ட் போட்டிருந்தால், அதாவது பூலிலிருந்து பாயிண்ட் கொடுத்துக் கூடுதலாக முயன்றிருந்தால், கடினம் 4 ஆகியிருக்கும், 12 போதும். முதல் படியின் விலை 3 பாயிண்ட், எட்ஜைக் கழித்தால் 2. வெறும் 2!

"எஃபர்ட் போடுகிறாயா?" என்று மாஸ்டர் இரண்டு முறை கேட்டார். மேலே பெரிய சண்டை காத்திருக்கிறது, மைட்டை அதற்கு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உருட்டினேன். 13 விழுந்தது. மறுபடி உருட்டச் செலவழிக்க எக்ஸ்பியும் (அனுபவப் பாயிண்ட்) கையில் இல்லை.

நண்பன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் கதாபாத்திரத் தாளைத் திருப்பி வைத்தான். அவன் இன்டலெக்ட் கட்டத்தில் அழித்து அழித்து எழுதித் தாள் நைந்து, பின்பக்கத்திலும் தெரிந்தது. என் மைட் கட்டத்தில் முதல் நாள் எழுதிய 14 அப்படியே இருந்தது. அந்தப் பெரிய சண்டை முடிந்தபோதும் என்னிடம் 11 மிச்சம். எதற்காகச் சேர்த்து வைத்தேன் என்று இன்று வரை எனக்குப் பதில் தெரியவில்லை.

பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் டியரில், அதாவது கதாபாத்திரத்தின் தொடக்க நிலையில், ஒரு ஓய்வுக்கு ஆறு முகப் பகடையோடு 1 சேர்த்துத் திரும்ப வரும், சராசரி 4.5. ஒரு நாளுக்கு நாலு ஓய்வு, ஆக சுமார் 18 பாயிண்ட். முதல் ஓய்வுக்கு ஒரே ஒரு செயல் போதும், அடுத்தது பத்து நிமிடம், அப்புறம் ஒரு மணி நேரம், கடைசியில் பத்து மணி நேரம். நான் அன்று முதல் ஓய்வைக்கூடத் தொடவில்லை.

உடனே சிலர் வருவார்கள், 'அடி வாங்கினாலும் அதே பூலில்தானே கழிகிறது, சண்டைக்காரன் ஏன் இரட்டைச் செலவு செய்ய வேண்டும்' என்று. நியாயமான குறைதான். நான் மறுக்கவில்லை, இது குறையே இல்லாத முறை என்றும் சொல்லவில்லை. உங்கள் புகார் அப்படியே பொருந்தும் ஆட்டங்களும் உண்டு. கால் ஆஃப் குத்துலு ஏழாம் பதிப்பில் விருப்ப விதியாக லக்கைச் செலவழிக்கலாம். செலவழித்தால் அடுத்த லக் சோதனை நிஜமாகவே கடினமாகும். 1975-இல் வந்த டன்னல்ஸ் அண்ட் ட்ரோல்ஸிலேயே மந்திரம் போட்டால் ஸ்ட்ரெங்த் குறையும். அதனால் 'இந்தக் காலத்துப் புது வித்தை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

    

சரி, உங்கள் விஷயம். அடுத்த ஆட்டத்தில் உருட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது தோற்றால் யாருக்கு என்ன போகும், இன்று இன்னும் எத்தனை ஓய்வு மிச்சம். ஒருவரின் உயிர் தொங்குகிறது, முதல் ஓய்வும் கையில் இருக்கிறது என்றால் எஃபர்ட் போட்டுவிடுங்கள். சும்மா ஒரு கதவைத் திறக்கத்தான் என்றால் வேண்டாம், விழுகிறது விழட்டும்.