கேள்வி பதில்: டிராக்டர் ரிப்பேருக்கு எதற்குப் பேராசிரியர்?

கே: மகள் வேளாண் பொறியியல் படித்துப் பேராசிரியராகப் போகிறாளாம். "டிராக்டர் ரிப்பேர் பார்க்க எதற்குப் பேராசிரியர்?" என்று என் அண்ணன் கேலி செய்கிறார். என்ன சொல்லட்டும்?
– வாசகி, மன்னார்குடி

ப: மேசன் வாக் கதையைச் சொல்லுங்கள். 1921-ல் அமெரிக்காவிலிருந்து அலகாபாத் வேளாண் நிறுவனத்துக்கு (ஊர் நைனி, யமுனைக் கரை) வந்த வேளாண் பொறியாளர். நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறும், புரட்டாது. சாலுக்கும் சாலுக்கும் நடுவே உழாத மண் நின்றுவிடும், அதனால்தான் குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு தடவை உழவு. சரி, சீமை இரும்புக் கலப்பையைக் கொண்டுவரலாமே என்றால், ஒரு ஜோடி மாடு நாள் முழுக்க இழுப்பது ஏறக்குறைய தன் எடையில் பத்தில் ஒரு பங்குதான். ஜோடி 800 கிலோ என்றால் 80 கிலோ இழுவை, அதற்கு மேல் போட்டால் மத்தியானத்துக்குள் மாடு படுத்துவிடும். கலப்பை உடைந்தால் ஊர்க் கொல்லர் கையை விரிப்பார், விலையோ கேட்கவே வேண்டாம். மாட்டுக்கும் விவசாயியின் பைக்கும் தாங்குகிற மாதிரி மண் புரட்டும் கலப்பை செய்வதுதான் வாக்கின் ஆராய்ச்சி. செய்த கலப்பைகளில் ஒன்றுக்கு 'வாஹ் வாஹ்', இன்னொன்றுக்கு 'ஷாபாஷ்' என்று பெயர். (பேராசிரியர்கள் பொதுவாக இவ்வளவு ருசியாகப் பெயர் வைப்பதில்லை.) அவர் வளர்த்த துறையில் 1942-ல் பட்டப்படிப்பே வந்துவிட்டது, நாட்டின் முதல் ஐஐடியான காரக்பூர் ஐஐடி பிறக்க இன்னும் 9 வருஷம் இருந்தது அப்போது. அந்த வளாகத்துப் பொறியியல் கல்லூரிக்கு இன்றும் அவர் பெயர்தான். ரிப்பேர் பார்க்கிறவரும் வேண்டும்தான், ஆனால் எதைச் செய்வது என்று கணக்குப் போட ஒருத்தர் வேண்டாமா?

கே: துறைத் தலைவர் ஆனவர் அப்புறம் வயலை எட்டிப் பார்ப்பாரா?
– வாசகர், துறையூர்

ப: ஆளைப் பொறுத்தது. ஜே.பி. டேவிட்சன் 1905-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலக் கல்லூரிக்கு வந்தபோது வயது 25, வந்த கையோடு வேளாண் பொறியியலுக்குத் தனித்துறை, அதற்குத் தலைவரும் அவரே. 1907-ல் அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கம் உருவானபோது முதல் தலைவரும் அவர்தான். 1915-ல் கலிபோர்னியாவின் டேவிஸுக்குப் போய் அங்கேயும் ஒரு துறையை நிறுத்திவிட்டு, 1919-ல் திரும்பிவந்து 1946 வரை பழைய நாற்காலி. இத்தனை வருஷம் ஃபைல் பார்த்த மனுஷன் ஓய்வுபெற்றதும் வீட்டில் உட்காருவார் என்றுதானே நினைப்போம்? அறுபத்தைந்தைத் தாண்டிய வயதில், வேளாண் கருவிகளை மேம்படுத்தப் போன பொறியாளர் குழுவுக்குத் தலைவராகச் சீனாவுக்குக் கிளம்பிவிட்டார்.