‘வேண்டாம்’ என்பவர்கள் எல்லோரும் ஒரே கட்சியா? – கடிதம்

வணக்கம் சார்,

வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் இருக்கிறேன். சமூகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. ப்ராஜெக்டுக்காக, கொடுங்கையூர் குப்பைமேட்டில் வரப்போவதாகச் சொல்லப்படும் எரிஉலை பற்றி அக்கம்பக்கத் தெருக்களில் விசாரித்து வருகிறேன். “வேணுமா, வேண்டாமா?” என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் “வேண்டாம்” என்கிறார்கள். “எரிஉலைன்னதும் மனசுல என்ன வார்த்தை வருது?” என்று கேட்டால் கதை மாறிவிடுகிறது. ஒரே வீட்டில் அப்பா “வேலை” என்கிறார், மகள் “இருமல்” என்கிறாள். என் கைடு, “இதெல்லாம் விளையாட்டும்மா, ஆமா-இல்லை கேள்வித்தாள் எடுத்துட்டு வா” என்கிறார். ஊர்க் கருத்து எவ்வளவு பிளந்திருக்கிறது என்பதைச் சொற்களை வைத்து அளக்க முடியுமா? தெரு வாட்ஸ்அப் குரூப்பிலேயே கேட்டுவிடலாமா?

க.

அன்புள்ள க.,

முடியும். கைடு சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் இது விளையாட்டு இல்லை. ஒரு சொல்லைப் பார்த்ததும் மனதில் என்ன தோன்றுகிறது என்று குறிப்பதை, 1879-லேயே ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் தன்னையே சோதனை எலியாக வைத்துச் செய்து எழுதியிருக்கிறார். 1910-ல் அமெரிக்காவில் கென்ட், ரோசனாஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 100 சொற்களை 1000 பேரிடம் கேட்டு அட்டவணை போட்டார்கள். உளவியலாளர் யுங், பதில் வர எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் பார்த்தார். அவர்களுக்கு வேண்டியிருந்தது தனி ஆளின் மனம். ஊரின் மனத்தை இதே வழியில் தேடியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

உங்கள் விஷயத்துக்கு மிக நெருக்கமானது அமெரிக்காவின் யக்கா மலை. அங்கே அணுக்கழிவைப் புதைக்க அரசு முடிவு செய்தபோது, உளவியலாளர் பால் ஸ்லோவிக் குழுவினர் மக்களிடம் ‘அணுக்கழிவுக் கிடங்கு’ என்று சொல்லி, மனதில் தோன்றியதைக் கேட்டார்கள். ஆபத்து, சாவு என்றே வந்து குவிந்தது. நல்லதாக ஒரு சொல் கிடைப்பதே அபூர்வம். ஊர் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும்போது எண்ணிக்கை போட்டாலே போதும், படம் தெரிந்துவிடும். உங்கள் ஊர் அப்படி இல்லை.

அந்த அப்பாவின் “வேலை”யையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆதரவுக் கணக்கில் சேர்ப்பீர்களா? மணலிப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனி கேட்டில் பையனுடைய ஐ.டி.ஐ. சான்றிதழை வைத்துக்கொண்டு நின்றவராக அவர் இருக்கலாம். காண்ட்ராக்டர் வெளியூரிலிருந்து ஆள் இறக்கியதைப் பார்த்தவராக இருக்கலாம். அப்படியென்றால் அவர் “வேலை” என்று சொன்னது கசப்பில். பக்கத்து வீட்டுக்காரர் அதே சொல்லை ஆசையோடு சொல்லியிருப்பார். அட்டவணையில் இரண்டும் ஒரே வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு ரோம் பல்கலைக்கழகத்தின் அன்னமரியா சில்வானா டி ரோசா சொன்ன வழி எளிது. சொல்லைச் சொன்னவரிடமே தாளைக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் கூட்டல், கழித்தல், பூஜ்யம் என ஒரு குறி போடச் சொல்லுங்கள். கூட்டல் சொற்களிலிருந்து கழித்தல் சொற்களைக் கழித்து, மொத்தச் சொற்களால் வகுத்தால் −1-க்கும் +1-க்கும் நடுவில் ஓர் எண் வரும். தயவுசெய்து குறியை நீங்கள் போடாதீர்கள். படித்தவர்கள் கை அங்கேதான் துருதுருக்கும்.

அப்புறம் தெருவுக்கு ஒரு சராசரி போட்டு நிறுத்திவிடாதீர்கள். பத்துப் பேரில் ஐந்து பேர் +1, ஐந்து பேர் −1 என்றால் சராசரி பூஜ்யம். பத்துப் பேரும் “எது வந்தா நமக்கென்ன” என்று பூஜ்யம் போட்டாலும் சராசரி அதே பூஜ்யம். முதல் தெருவில் கைகலப்பே நடக்கலாம், இரண்டாவது தெருவில் கூட்டத்துக்கு நாற்காலி போட்டாலும் ஆள் வராது. ஆளாளுக்கு எண்ணைத் தனித்தனியாகக் குறித்து, அது எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்று பாருங்கள். நீங்கள் கேட்கும் பிளவு அந்தப் பரவலில்தான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு கூட்டத்தைக் காணோம். அந்த மேட்டில் பொறுக்கிப் பிழைக்கிறவர்கள். அவர்களும் “வேண்டாம்” என்றுதான் சொல்வார்கள். பிளாஸ்டிக்கும் அட்டையும் காயலாங்கடைக்குப் போனால் காசு. அதுவே உலை நன்றாக எரியவும் வேண்டிய சரக்கு. ஃபிளாட் வாங்கி இ.எம்.ஐ. கட்டுகிறவரும் “வேண்டாம்” என்பார், ஆனால் அவருக்குக் குப்பைமேடே இருக்கக் கூடாது. கருத்துக்கேட்புக் கூட்ட மைக்கில் இந்த இரண்டு “வேண்டாம்”களும் ஒன்றாகவே ஒலிக்கும். எனக்கென்னவோ உங்கள் பகுதியின் உண்மையான பிளவு இங்கேதான் என்று படுகிறது. அதனால் ‘குப்பைமேடு’ என்பதையும் இரண்டாவது சொல்லாகக் கேளுங்கள். ஒருவர் அதற்கு “எடை”, “சோறு” என்று சொல்லிக் கூட்டல் போடுவார். இன்னொருவர் “ஈ”, “நாத்தம்” என்று சொல்லிக் கழித்தல் போடுவார். ஆமா-இல்லைத் தாள் இதைப் பிடிக்காது. கைடிடம் இதையே சொல்லுங்கள்.

வரிசையையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஆய்வாளர் பியேர் வெர்ஜேஸ், ஒரு சொல் எத்தனை முறை வந்தது, எத்தனையாவதாக வந்தது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். முதலில் வாய்க்கு வருவதே முக்கியமானது என்று சொல்ல முடியாது என்றார் இன்னொரு பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-க்ளோட் அப்ரிக். சொன்னவரையே முக்கியத்துவப்படி அடுக்கச் சொல்வது அவர் வழி. சுவர் போஸ்டர் நிறைந்த தெருவில் நான் அப்ரிக் பக்கம். முதல் சொல் பெரும்பாலும் போஸ்டருடையது.

கம்ப்யூட்டரில் விசையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறார்கள் என்று மில்லிநொடியில் அளந்து, மனதின் மறைவான சாய்வைத் தேடும் சோதனை ஒன்று (IAT) 1998 முதல் பிரபலம். யாராவது பரிந்துரைப்பார்கள். தனி ஆளைப் பற்றி அது என்ன சொல்கிறது என்ற சண்டையே இன்னும் ஓயவில்லை. உங்களுக்கு அது வேண்டாம்.

இப்போது கைடின் நியாயம். உங்களுக்குப் பழக்கமான தெருக்களில், பகலில் வீட்டில் இருப்பவர்களை மட்டும் கேட்டால், எவ்வளவு நல்ல முறையும் அரைகுறைதான். ஷிஃப்டுக்குப் போகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை பிடியுங்கள். ஆர்.ஆர். நகரும் எழில் நகரும் பட்டியலில் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் குரூப் கூடவே கூடாது. முதல் ஆள் “புகை” என்று போட்டால் கீழே வரிசையாகப் புகைதான், நடுவில் நாலு கும்பிடு ஸ்டிக்கர். ஒருவரைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். மகள் பேசும்போது அப்பா வாசலில் நிற்க வேண்டாம். “ஒண்ணும் தோணலைம்மா” என்று தாளைத் திருப்பித் தருகிறவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு வரி போடுங்கள்.