மார்கரெட் கசின்ஸ்: மும்பை வாசகர் கேள்வி பதில்

செம்பூர்: அயர்லாந்துக்காரருக்கு நம் பெண்களின் வாக்குரிமையில் ஏன் இத்தனை அக்கறை?

1878-இல் பிறந்த மார்கரெட் கசின்ஸ், இங்கு வருவதற்கு முன்பே அதற்காகச் சிறை சென்றவர். 1913-இல் டப்ளின் கோட்டையின் சன்னல் கண்ணாடிகளை உடைத்துவிட்டு, தல்லமோர் சிறையில் உண்ணாவிரதமும் இருந்தார். 1915-இல் இந்தியா வந்தபின் கல்லை விட்டுவிட்டு மனுவை எடுத்தார். 1917-இல் இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வரவிருந்தபோது, பெண்கல்வி குறித்து முறையிட நேரம் கேட்டவருக்கு, அரசியல் விஷயமானால்தான் சந்திப்பு என்று பதில் வந்தது; அப்படியானால் வாக்குரிமையையே கேட்டுவிடுவோம் என்று மனுவில் அதையும் சேர்த்துவிட்டார். டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் சென்ற பெண்கள் அந்தக் கோரிக்கையை முன்வைத்தார்கள்.

முலுண்டு: தேசிய கீதத்துக்கு மெட்டமைத்தவர் இவர்தானே?

இல்லை. 1911-லேயே கல்கத்தா காங்கிரஸில் அது பாடப்பட்டுவிட்டது. 1919-இல் மதனப்பள்ளிக்குத் தாகூர் வந்தபோது அதை இசைக்குறிப்பாக எழுதியதில்தான் இவருக்குப் பங்கு.

தாராவி: 1921-இல் என் பூட்டிக்கு வாக்கு இருந்திருக்குமா?

அவர் பெயரில் சொத்து இருந்ததா? சென்னையும் பம்பாயும் அவ்வாண்டு நீக்கியது பெண் என்பதற்கான தடையை மட்டுமே. சொத்து, வரித் தகுதிகள் அப்படியே நின்றன. ‘1921-இல் பெண்களுக்கு வாக்கு’ என்று மொட்டையாக எழுதாதீர்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

மாட்டுங்கா: ஆக, வெள்ளைக்காரி வாங்கித் தந்த உரிமை!

செம்பூர் நண்பர் இதற்கு அதற்குள் சண்டைக்கு வந்துவிட்டார். நியாயம் அவர் பக்கமே. யார் யாருக்கு வாக்கு என்று ஆராய்ந்த பிரிட்டிஷ் அரசின் சவுத்பரோ குழு, பெண்களுக்கு வேண்டாம் என்று ஒதுக்கியபோது, 1919-இல் லண்டனுக்குக் கப்பலேறி வாதாடியவர்கள் நம் ஊர் ஹீராபாய் டாட்டாவும் அவர் மகள் மிதானும். அதற்காகக் கசின்ஸைத் துரத்தவும் வேண்டாம். 1932-இல் அவசரச் சட்டங்களை எதிர்த்துச் சென்னையில் பேசியதற்காக வேலூர்ச் சிறைக்குப் போனவர் அவர். பிற்காலத்தில், முன்னணிக்கு வந்துகொண்டிருந்த இந்தியத் தலைவியர் போராட்டத்தில் தம் நேரடிப் பங்கேற்பை விரும்பவில்லை என்று தமக்குத் தோன்றியதை அவரே ஒளிக்காமல் எழுதினார். உதவ வந்தவர் விலக வேண்டிய வேளையை அறிவது சிறைவாசத்தைவிடக் கடினம் என்பது என் எண்ணம்.

டோம்பிவிலி: ஜன கண மன மெட்டு...

முலுண்டு நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வாஷி: அவர் எழுதியதில் எதை முதலில் படிப்பது?

கணவர் ஜேம்ஸும் அவரும் சேர்ந்து எழுதி 1950-இல் வெளிவந்த தன்வரலாற்றை. பெரிய புத்தகம், அவசரமென்றால் மார்கரெட்டின் பகுதிகளை முதலில் படித்துவிடுங்கள், ஜேம்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தாணே: தேசிய கீதத்துக்கு...

முலுண்டு.