‘வு’வில் தொடங்கும் பெயர்

கொக்குவிலில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

“ரீச்சர், எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து 24 நாள். ரோகிணி நட்சத்திரம், நாலாம் பாதம். ஐயர் ‘வு’ என்ற எழுத்தில் பெயர் வைக்கச் சொன்னார். ஒஸ்லோவில் இருக்கும் மச்சாள் இணையத்தில் தேடி ‘வுஜிஷ்னா’ என்று ஒரு பெயர் அனுப்பியிருக்கிறா. ‘நிலவின் ஒளி’ என்று கருத்தும் போட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் இல்லாத பெயர் என்று இவருக்கு நல்ல விருப்பம். மாமிக்கு அது வாயிலேயே வருகுதில்லை. ‘பள்ளிக்கூடத்தில் பெடியள் பட்டம் தெளிப்பாங்கள்’ என்கிறா. வாற வெள்ளிக்கிழமை முப்பத்தொன்றாம் நாள், அன்றைக்குத்தான் பெயர் வைக்கிறது. இப்படிப் புதுப்பெயர் வைத்தால் பின்னுக்குப் பிள்ளைக்கு ஏதும் கரைச்சல் வருமா?”

குட்டிக்கு என் அன்பான வாழ்த்து. தங்கச்சி, புதுப்பெயருக்கு ஆசைப்படுவதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் வுஜிஷ்னா வேண்டாம் என்பதுதான் என் பதில். 32 வருடம் தமிழ் படிப்பித்து, ஒவ்வொரு தை மாதமும் வகுப்பு இடாப்பில் பிள்ளைகளின் பெயரை என் கையால் எழுதியவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ‘வு’. நட்சத்திரம் 27, ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 எழுத்துகள். ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. இந்த அட்டவணை வடமொழி ஒலிகளை வைத்து அமைந்தது. தமிழில் வு, வூ, வொ, வோ நான்கும் சொல்லின் முதலில் வராது என்பது தொல்காப்பியத்திலேயே இருக்கிற விதி. வடமொழியிலும் வு-வில் தொடங்கும் சொல் கிடைப்பது அருமை. திருவாதிரைக்காரருக்கு ‘ங’ வரும். அவர்கள் பாடு இன்னும் கஷ்டம். இப்படி ஒரு எழுத்தைக் கொடுத்துப் பெயர் கேட்டால் இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் யாரோ ஒட்டி உருவாக்கிய ஓசைதான். ‘ஜிஷ்ணு’ என்று ஒரு சொல் உண்டு, வெல்பவன் என்று கருத்து, அருச்சுனனுடைய பெயர்களில் ஒன்று. வுஜிஷ்னா தமிழிலும் இல்லை, வடமொழியிலும் இல்லை. நிலவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நாளைக்குப் பிள்ளை வளர்ந்து “அம்மா, என்ர பெயருக்கு என்ன கருத்து?” என்று கேட்கும்போது நீங்கள் சொல்லப்போகும் பதில் உண்மையாக இருக்கவேண்டும் அல்லவா?

சாத்திரத்தை விடச் சொல்லவில்லை. நட்சத்திரத்துக்குரிய நாலு எழுத்தில் எதில் வைத்தாலும் பொருந்தும் என்று ஏற்கிற சோதிடர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஐயரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணிதமா என்பதையும் கேளுங்கள். பாதம் மாறும் நேரத்தை ஒட்டிப் பிறந்த பிள்ளை என்றால் இரண்டிலும் பாதம் வேறுபட இடமுண்டு. அதற்கும் அவர் ஒத்துவராவிட்டால், சாதகத்துக்கு ஒரு பெயர், பதிவுக்கு ஒரு பெயர் என்று வைத்த குடும்பங்கள் எங்கள் ஊரில் எத்தனையோ.

இனிக் கரைச்சலைப் பற்றி. ஒரு ஆறாம் வகுப்பின் முதல் நாள். இடாப்பை விரித்துப் பெயர் வாசித்துக்கொண்டு வருகிறேன். பதினேழாவது பெயரில் என் நாக்கு நின்றுவிட்டது. ஜ, ஞ, ஷ மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பெயர். எங்கே மூச்சு விடுவது என்று பார்ப்பதற்குள் மூன்றாவது வாங்கில் இருந்த பிள்ளை எழும்பிவிட்டாள். நான் இன்னும் ஓர் எழுத்துக்கூடச் சொல்லவில்லை. “அது நான்தான் ரீச்சர்” என்றாள். வாசிப்பவர் தடுக்கி நிற்கிற அந்த இடைவெளிதான் தன் பெயர் என்று அந்தப் பதினொரு வயதுப் பிள்ளைக்குப் பழகியிருந்தது. அவளைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். எழுதினாள். ஒரு எழுத்தை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். அவளுக்கே அதில் நிச்சயம் இல்லை.

அவள் உயர்தரம் முடித்த பிறகு தகப்பன் ஒரு பையோடு வீட்டுக்கு வந்தார். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், பள்ளி இடாப்பில் இன்னொரு விதம், அடையாள அட்டையில் வேறு விதம். மூன்று பெயரும் ஒரே ஆளுடையது என்று சத்தியக்கடதாசி முடித்து, அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். அந்தப் பிழைகளில் ஒன்று என் கையால் இடாப்பில் எழுதப்பட்டது. இன்றைக்கும் அது எனக்கு மனவருத்தம்.

இந்தக் கரைச்சல் அபூர்வமான பெயருக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். ஒரே வகுப்பில் டிலக்சன், டிலக்ஸன், டிலக்ஷன் என்று மூன்று பெடியள் இருந்தார்கள். கூப்பிட்டால் மூன்று பேரும் திரும்புவார்கள், எழுதினால் மூன்றும் வேறு. ஆனால் பலரும் வைக்கிற பெயர் என்றால் எழுதுகிறவருக்கு ஓரளவு கை பழகியிருக்கும். முன்பின் கேட்டிராத பெயரில் அவர் தன் ஊகத்தைத்தான் எழுதுவார்.

எங்கள் எழுத்தில் க ஒன்றுதான், த ஒன்றுதான், ப ஒன்றுதான்; வன்மையாக ஒலித்தாலும் மென்மையாக ஒலித்தாலும் அதே எழுத்துத்தான். கவின் என்று எழுதினால் முதல் எழுத்தை எப்படி ஒலிப்பது என்று தமிழ் தெரிந்தவருக்குத் தெரியும். சிங்களத்தில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து இருக்கிறது, ஆங்கிலத்திலும் அப்படியே. இப்போதைய அடையாள அட்டையில் மூன்று மொழியிலும் பெயர் வருகிறது. எங்கள் பிள்ளையை அறியாத ஒருவர், கேட்டிராத ஒரு பெயரை, இன்னொரு எழுத்துக்கு மாற்றும்போது தடுமாறினால் அவரைக் குறை சொல்ல முடியாது. பழகிய சொல் என்றால் தடுமாற்றம் குறையும்.

மச்சாள் ஒஸ்லோவில் இருக்கிறா என்றபடியால் இதையும் சொல்கிறேன். வுஜிஷ்னாவை ஆங்கிலத்தில் எழுதினால் நடுவில் ‘ஜே’ வரும். நோர்வேயில் அந்த எழுத்தை ‘ய’ என்றுதான் வாசிப்பார்கள். ஜேர்மனியிலும் அப்படியே. அங்கே போனால் பிள்ளை ‘வுயிஷ்னா’. ஜேர்மனியில் சொல்லின் முதலில் வரும் ‘வி’யைப் பல சொற்களில் ‘எஃப்’ போல ஒலிப்பதால் முதல் எழுத்தும் மாறிப்போகலாம். பிரான்சில் ‘எச்’ ஒலிப்பதில்லை, ஹரிணி அங்கே அரிணி ஆகிவிடுவாள். எங்கள் சனம் நாலு திசையிலும் இருக்கிற காலம் இது. பிள்ளையும் நாளைக்கு எங்கே படிக்கப் போவாளோ தெரியாது. இன்னொன்று: நோர்வேயில் பிள்ளைக்குப் பெரிய இடைஞ்சலாக வரக்கூடிய பெயரைப் பதிய மறுக்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. இங்கே பெரும்பாலும் நாங்கள் எழுதிக் கொடுப்பதுதான் பதிவில் ஏறும். ஆகவே அந்தக் கவனம் முழுக்க உங்கள் பொறுப்பு.

வெளிநாட்டுப் படிவங்களில் கடைசியில் நிற்கும் பெயரைத்தான் குடும்பப் பெயராக எடுப்பார்கள். நாங்களோ தகப்பன் பெயரை முன்னுக்கு எழுதிப் பிள்ளையின் பெயரைப் பின்னுக்கு எழுதுகிறோம். அதனால் அங்கே போன பல பிள்ளைகளைத் தகப்பன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இதை இப்போது தீர்க்கத் தேவையில்லை. ஆனால் தகப்பன் பெயர் சிவஞானசுந்தரம் போல நீளம் என்றால் மகளின் பெயரைச் சின்னதாக வைத்துவிடுங்கள்.

மாமி சொன்ன பட்டத்துக்கு நான் அவ்வளவு பயப்படமாட்டேன். கந்தையாவுக்கும் பட்டம் இருந்தது, செல்லம்மாவுக்கும் இருந்தது. பெடியளுக்குப் பெயர் ஒரு சாட்டுத்தான். பெயரில் ஒன்றும் கிடைக்காவிட்டால் நடையில் பிடிப்பார்கள், தலைமயிரில் பிடிப்பார்கள். என்றாலும் ஒரு காரியம் செய்யுங்கள். பெயரை வெட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். நீளமான பெயரை முழுதாகக் கூப்பிட யாழ்ப்பாணத்தில் யாருக்குப் பொறுமை இருக்கிறது? முதல் இரண்டு எழுத்துத்தான் நிலைக்கும். அந்த இரண்டெழுத்து கேட்க நன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சிங்களம் தெரிந்த ஒருவரிடமும் சொல்லிப் பாருங்கள். எங்கள் ‘பாலு’வைச் சற்றுக் குறுக்கிச் சொன்னால் அங்கே நாயைக் குறிக்கும்.

எழுத்துச் சங்கடத்தைத்தான் மாமி தன் பாணியில் சொல்லியிருக்கிறா. “வாயில் வருகுதில்லை” என்பதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். பிள்ளையை ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடப்போவது அவதான். வாயில் வராத பெயரை அவ ஒரு மாதத்தில் கைவிட்டு ‘குஞ்சு’ என்று கூப்பிடத் தொடங்குவா. பிறகு பதிவில் இருக்கும் பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் என்று ஆகிவிடும்.

எங்கள் மண்ணில் இது முன்னரும் நடந்திருக்கிறது. 1823-இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் படித்த பிள்ளைகளுக்குப் பணம் தந்து உதவிய அமெரிக்கர்களின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. சார்ள்ஸ் வின்ஸ்லோ என்று அங்கே பெயர் பெற்றவரை இன்றைக்கு நாங்கள் எல்லோரும் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை என்றுதான் அறிவோம். ஊர் தன் வாயில் இருந்த பெயரையே வைத்துக்கொண்டது.

அப்படியென்றால் எல்லோரும் வைக்கிற பெயரையே வைக்கவேண்டுமா? இல்லவே இல்லை. ஒரு வருடம் என் வகுப்பில் நாலு தர்சிகா. ‘க. தர்சிகா’, ‘சி. தர்சிகா’ என்று தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு கூப்பிட்டே அந்த வருடம் போனது. அவர்களில் ஒருத்தி, “எனக்கென்று ஒரு பெயர் இல்லை ரீச்சர்” என்று கட்டுரையில் எழுதியிருந்தாள். உங்கள் கணவரின் ஆசை எனக்கு நன்றாக விளங்குகிறது.

அவருடைய ஆசைக்குத் தமிழுக்குள்ளேயே வழி இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த சொல்லாக இருக்கட்டும், பெயராக வைத்தவர்கள் குறைவாக இருக்கட்டும். அப்படியான சொல்லை ஒருவரும் பிழையாக எழுதமாட்டார்கள், கருத்தையும் தேடவேண்டியதில்லை. வ-வை வா-வாகவும் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. உங்கள் ஐயரும் அதற்குச் சம்மதித்தால் நான் முதலில் சொல்வது ‘வாகை’. மரமும் அதுதான், வென்றவர் சூடும் மாலையும் அதுதான். இரண்டே எழுத்து. வகுப்பில் இன்னொரு வாகை இருக்க வாய்ப்புக் குறைவு. ‘வானதி’ என்றால் வான்நதி, ஆகாயகங்கை. ‘வல்லி’ என்றால் கொடி; மாமிக்கும் சுகமாக வாயில் வரும். நிலவுதான் வேண்டும் என்றால் ‘வளர்மதி’. பழைய பெயர் என்று இவர் முகம் சுளிக்கலாம், ஆனால் இப்போது பிறக்கிற குழந்தைகளில் எத்தனை வளர்மதி இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பழைய பெயர்தான் இன்றைக்குப் புதுப்பெயர். ஓ-வில் ‘ஓவியா’ உண்டு, ஆனால் அது இப்போது பரவலாகிவிட்டது. ழ, ள வருகிற பெயரை வெளிநாட்டில் எழுதுவது கொஞ்சம் சிரமம். நான் அதற்காக ழகரத்தை விடமாட்டேன், இது உங்கள் விருப்பம்.

எண்சாத்திரத்துக்காக ஆங்கிலத்தில் ஒரு ‘ஏ’யைக் கூட்டி, ஒரு ‘எச்’சைச் சேர்ப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வானதியில் ‘ரி’ (T) எழுத்தோடு ‘எச்’ போடுவதா, கடைசியில் ‘ஐ’யா ‘வை’யா என்று இவரும் நீங்களும் இருந்து முடிவெடுத்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தடுப்பூசி அட்டை தொடங்கிப் பாஸ்போர்ட் வரை அந்த எழுத்துக்கூட்டையே கொடுங்கள். 15 வயதில் அடையாள அட்டைக்குப் போகும்போது பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியேதான் கேட்பார்கள்.

பதிவுக்கு அவசரப்பட வேண்டியதில்லை. பிறந்து 42 நாளுக்குள் பதிந்தால் போதும், ஆகவே முப்பத்தொன்று கழிந்தும் உங்களுக்கு 11 நாள் இருக்கிறது. பெயர் போடாமல் பிறப்பை மட்டும் பதிந்துவிட்டுப் பெயரைப் பிறகு சேர்க்கவும் வழியுண்டு. பதிந்த பெயரை மாற்றுவதற்கும் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். பிள்ளை பள்ளிக்கூடம் போகமுன் என்றால் அது சுலபம். சாதாரண தரப் பெறுபேறு வந்தபின் மாற்றினால் ஒவ்வொரு கடதாசியையும் திருத்திக்கொண்டு திரியவேண்டி வரும். பதிவாளர் எழுதியதும் அந்த இடத்திலேயே ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பாருங்கள். சுழி, கொம்பு, கால் எல்லாம் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள், தங்கச்சி. சொந்தத்தில் வயதான ஒருவருக்கு, சாவகச்சேரியிலோ பருத்தித்துறையிலோ இருக்கும் பெரியப்பாவுக்கு, ரெலிபோன் எடுத்து நீங்கள் யோசித்திருக்கும் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லி ஒரு கடதாசியில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படம் பிடித்து வைபரில் அனுப்பச் சொல்லுங்கள். முதலில் வுஜிஷ்னாவைச் சொல்லுங்கள், பிறகு வாகையைச் சொல்லுங்கள். இவரும் மாமியும் பக்கத்தில் இருக்கட்டும். எந்தப் பெயரை அவர் “என்ன, என்ன?” என்று திருப்பிக் கேட்காமல் எழுதினாரோ, அதையே வெள்ளிக்கிழமை குட்டியின் காதில் மூன்று தரம் சொல்லுங்கள்.