சுமைதாங்கிக் கல்லைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க

கேள்வி: எங்கள் ஊர் எல்லையில் ஒரு பழைய சுமைதாங்கிக் கல், பக்கத்திலேயே துருப்பிடித்த கரும்பு ஆலை. செல்போனில் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் எல்லாமே ஒரே சாம்பலாக வருகிறதே, ஏன்?
– ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: மத்தியானத்தில் போயிருப்பீர்கள், சரியா? உச்சி வெயிலில் கல் சப்பையாகத்தான் தெரியும். காலை ஏழு மணிக்குள், வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது போங்கள், உளி கொத்திய தழும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும், எழுத்து ஏதாவது இருந்தால் அதுவும் தெரியும். அதற்காகச் சாக்பீஸ் தேய்க்க வேண்டாம், பாவம் அந்தக் கல்.

அப்புறம், கலரிலேயே எடுத்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். உங்கள் ஊர்ச் செம்மண்ணும் முந்திரி இலையும் கண்ணுக்கு எவ்வளவு வேறாக இருந்தாலும், நிறத்தை உருவிவிட்டால் கிட்டத்தட்ட ஒரே சாம்பல்தான். எடிட் செய்யும்போது சிவப்பு, ஆரஞ்சு இரண்டையும் கூட்டினால் மண்ணும் துருவும் வெளுக்கும், நீலத்தைக் குறைத்தால் வானம் கறுக்கும். ஃபிலிம் காலத்தில் லென்ஸ் முன்னால் சிவப்பு ஃபில்டர் மாட்டியதும் இதற்குத்தான். நீலத்தை ரொம்பக் குறைத்தால் வானம் புள்ளி புள்ளியாகக் கெட்டுவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தலைச்சுமையை யார் துணையும் இல்லாமல் இறக்கி ஏற்றத்தான் அந்த உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இப்படிக் கல் நடுவது அந்தக் காலத்தில் நம் பக்கத்து வழக்கம். தனியாக எடுத்தால் அந்த உயரம் புரியாது, வீட்டில் பாட்டி இருந்தால் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஆலையை வேறொரு நாள் எடுக்கலாம்.